லைனில் நிற்கும் கால்கள்

பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நாலா பக்கமும் சிப்காட் வளாகங்கள். ஏ ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்ஸும், இரவு சி ஷிப்ட் முடித்தவர்களை ஹாஸ்டலுக்குக் கொண்டுவிடுகிற பஸ்ஸும் எதிரெதிரே கடக்கின்றன. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் 18 வயதிலிருந்து 25 வயதுக்குள். பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள். புதுக்கோட்டை, திருவாரூர், அரியலூர், திருவண்ணாமலை, தென்காசி என்று தமிழ்நாட்டின் பாதி மாவட்டங்கள் அந்த ஜன்னலோரங்களில் தூங்கி வழிகின்றன.

இவர்களில் பலர் ஓடியவர்கள். கிராமத்து அரசுப் பள்ளியில் கால் வேகமுள்ள பிள்ளையை பி.டி. வாத்தியார் சும்மா விடமாட்டார். குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி என்று பஸ் காசைத் தன் சட்டைப் பையிலிருந்து போட்டு அழைத்துப் போவார். அங்கே வாங்கிய சான்றிதழ் மதிப்பெண் பட்டியலோடு ஒரே ஃபைலில்தான் இருக்கும். வேலைக்குச் சேரும்போது கம்பெனி மதிப்பெண் பட்டியலை மட்டும் வாங்கிக்கொள்ளும். அன்றோடு ஓட்டம் முடிந்தது. 800 மீட்டர் ஓடிய கால்கள் அதன் பிறகு எட்டு மணி நேரம் லைனில் நிற்கின்றன.

தமிழ்நாட்டில் ஓடிப் பேர் வாங்கியவர்களுக்கு இதுவரை சோறு போட்டவை அநேகமாக ராணுவமும் ரயில்வேயும்தான். லால்குடி பக்கத்து வழுத்தியூரிலிருந்து கிளம்பி ஒலிம்பிக் தொடர் ஓட்டம் வரை போன ஆரோக்கிய ராஜீவ் ராணுவத்தில் சேர்ந்தவர். மதுரை சக்கிமங்கலத்தில் பெற்றோரை இழந்து, பாட்டி ஆரம்மாள் வளர்ப்பில் வெறுங்காலோடு ஓடத் தொடங்கி, டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய ரேவதி வீரமணிக்குத் தெற்கு ரயில்வே வேலை கொடுத்தது. 2023-இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 2 நிமிடம் 59.05 வினாடியில் ஆசிய சாதனை படைத்த 4x400 அணியில் ஓடிய ராஜேஷ் ரமேஷ் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். இந்த வாசல்களில் நுழையும் இடங்கள் சில நூறு. அவற்றைத் தவறவிட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு இன்று வேலை தருவது இந்தத் தொழிற்பேட்டைகள். அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது: பிள்ளைப்பாக்கத்தில் தொழிலாளர்களுக்கென்று ஒரு தடகளக் கழகம் ஏன் வேர்விடக் கூடாது? இது யாரும் செய்யாத காரியம் இல்லை. உலகத்தின் பெரிய ஓட்டக் கழகங்களில் பல, ஆலை வாசலில் பிறந்தவை.

170 கையெழுத்து

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் லெவர்குசன் என்ற ஊரைக் கால்பந்து ரசிகர்களுக்குத் தெரியும். மருந்தும் சாயமும் செய்யும் பேயர் கம்பெனியின் ஊர். 1903 நவம்பர் 27 அன்று அந்த ஆலையின் தொழிலாளி வில்ஹெல்ம் ஹௌஷில்ட் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வேலைக்கு வெளியே உடற்பயிற்சி செய்யவும் விளையாடவும் ஒரு சங்கம் தொடங்க வேண்டும், அதற்குக் கம்பெனி கைகொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. கீழே அவருடைய சக தொழிலாளர்கள் 170 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. 1904 ஜூலை 1 அன்று சங்கம் தொடங்கியது.

இன்று உலகம் அறிந்த கால்பந்து அணி அந்தச் சங்கத்தின் ஒரு கிளைதான். கால்பந்துப் பிரிவே மூன்றாண்டு கழித்து 1907-இல்தான் வந்தது. இடையில் 1928-இல் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களும் மற்றவர்களும் பிரிந்து தனித்தனிச் சங்கமாகப் போய், 1984-இல் மறுபடி ஒன்றானார்கள். சண்டை போட்டுப் பிரிந்தாலும் இரு தரப்பிலும் மைதானம் நிற்கவில்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும்.

தடகளத்தில் அந்த ஊர் செய்த சாதனையைச் சொல்ல கெர்ட் ஓசன்பெர்க் என்ற ஒரு பயிற்சியாளரின் பெயர் போதும். பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கிப் பயிற்சி கொடுத்தவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் தங்கம் வென்ற ஹைடே ரோசன்டால், 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் உயரம் தாண்டுதலில் 2.02 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற உல்ரிகே மைஃபார்ட், 1992 பார்சிலோனாவில் அதே 2.02 மீட்டரில் தங்கம் வென்ற ஹைகே ஹெங்கெல் மூவரும் அவர் பட்டறையில் தயாரானவர்கள். மூவரும் பெண்கள். இருபது ஆண்டு இடைவெளியில் மூன்று தங்கம், ஒரே ஊர், ஒரே வாத்தியார்.

கம்பெனி பணம் தந்தது, உண்மைதான். ஆனால் சங்கம் கம்பெனி மனமிரங்கிக் கொடுத்த பரிசாகத் தொடங்கவில்லை. உழைத்தவர்கள் கேட்டார்கள், கூட்டமாகக் கேட்டார்கள், எழுத்தில் கேட்டார்கள். பிள்ளைப்பாக்கத்துக்கு இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேறெதையும்விட இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

வெறுங்காலில் ஓடிய உழவர்கள்

நம் நாட்டிலும் ஆலை முதலாளி ஒருவரும் ஓட்டக்காரர்களும் சந்தித்த இடத்தில்தான் ஒலிம்பிக் கதை தொடங்குகிறது. புனேயில் 1906-இல் தொடங்கப்பட்ட டெக்கான் ஜிம்கானா என்ற விளையாட்டுக் கழகத்துக்கு தொராப்ஜி டாட்டா தலைவராக இருந்தார். ஜாம்ஷெட்பூர் இரும்பாலையை எழுப்பிய அதே டாட்டா. கழகத்தின் ஆண்டு விழாவில் சுற்றுவட்டாரக் கிராமத்து உழவர்கள் நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொண்டார்கள். காலில் செருப்பு இல்லை, முறையான பயிற்சி இல்லை. ஆனால் அவர்கள் ஓடிய நேரம் ஐரோப்பியப் போட்டிகளின் நேரத்துக்கு அதிகம் சளைக்கவில்லை என்பதை டாட்டா பார்த்தார். பின்னாளில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

அதன் விளைவு, 1920-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன சிறு குழு. செலவில் பெரும்பங்கு டாட்டாவின் பொறுப்பு. அந்தக் குழுவின் பி.டி. சௌகுலே மாரத்தானில் 19-ஆவது இடம் பிடித்தார். முதல் முறையாக வெளிநாட்டுக் குளிரில் ஓடிய ஒருவருக்கு அது சாதாரண இடம் இல்லை.

அதே 1920-இல் சென்னையில் இன்னொரு காரியம் நடந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியைப் பயிற்றுவித்து அழைத்துப் போனவரும் அவர்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரியம், விசிலும் கையுமாக உடற்கல்வி ஆசிரியர்களைத் தலைமுறை தலைமுறையாக நம் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பி வைத்தது. கிராமத்துப் பிள்ளையின் காலைப் பார்த்து “நீ நாளைக்குக் காலையில கிரவுண்டுக்கு வா” என்று சொன்ன பி.டி. வாத்தியார்கள் அந்த மரபில் வந்தவர்கள். தமிழ்நாட்டுத் தடகளத்துக்கு அவர்களைவிடப் பெரிய அமைப்பு இன்றுவரை கிடையாது.

புதுக்கோட்டை சொல்லும் பாடம்

கழகம் என்றால் கட்டடமும் பெயர்ப் பலகையும் என்று நினைப்பவர்கள் புதுக்கோட்டையைப் பார்க்க வேண்டும். நகரை ஒட்டிய ஊர் கவிநாடு. அங்குள்ள கண்மாய் மாவட்டத்தின் பெரிய கண்மாய்களில் ஒன்று. ஊர்ப் பெயரிலேயே இயங்குவது கவிநாடு இளைஞர் விளையாட்டுக் கழகம். அதன் பயிற்சியாளர் எஸ். லோகநாதன்.

இந்தக் கழகத்தில் வளர்ந்த கோவிந்தன் லட்சுமணன் சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். லோகநாதன்தான் அந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டார். 2017 ஜூலையில் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் லட்சுமணன் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். ஜூலை மாத ஒடிசாவின் புழுக்கத்தில் மைதானத்தை 25 முறை சுற்றி வருவது என்ன கஷ்டம் என்பதைப் புதுக்கோட்டை வெயிலில் ஓடியவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே ஊரில் பயிற்சி பெற்ற எல். சூர்யா 2016-இல் குவாஹாட்டி தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றார். ஒரு சிறு நகரத்துக் கழகம் ஆணிலும் பெண்ணிலும் நெடுந்தூர ஓட்டத்தின் முதலிடத்தை ஒரே காலகட்டத்தில் வைத்திருந்தது.

2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். தேசியக் கொடியைப் போர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். கொஞ்ச நேரத்தில் வெண்கலம் போனது. ஓட்டத்தின் நடுவே ஒருவரை முந்தும்போது அவருடைய கால் டிராக்கின் உள் விளிம்பைத் தாண்டி உள்ளே பட்டிருந்தது. விதிப்படி தகுதிநீக்கம். 25 சுற்றில் ஒரு காலடி. அந்தப் பதக்கம் சீன வீரருக்குப் போனது. இன்றைக்கும் அந்த ஓட்டத்தைப் பார்த்தால் மனம் ஆறவில்லை.

சாந்தி சௌந்தரராஜனின் கதை இன்னும் கனமானது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பம். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. ஊருக்கு வெளியே வெட்டவெளி மண்ணில் ஓடவிட்டு, முதல் ஷூ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பள்ளிப் பயிற்சியாளரின் கண்ணில் பட்ட பிறகுதான் சாந்திக்கு மூன்று வேளைச் சாப்பாடு கிடைத்தது. படிப்பு, சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் ஓட்டம் கொண்டுவந்து கொடுத்தது. 2005-இல் இன்ச்சியான் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2 நிமிடம் 03.16 வினாடியில் மறுபடி வெள்ளி. சில நாளில் பாலினப் பரிசோதனை. அதில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்த மருத்துவ விஷயத்தை ஊரறியப் பேசி ஒரு பெண்ணின் மானத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். பிற்பாடு 2015-இல் ஓட்டக்காரர் டூட்டி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் இதே போன்ற விதியை எதிர்த்து வழக்காடி மீண்டும் ஓடும் உரிமையைப் பெற்றார். சாந்திக்கு அப்படி வழக்காட அன்று யாரும் துணை நிற்கவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. தமிழக அரசு கொடுத்த 15 லட்ச ரூபாயை வைத்துக்கொண்டு சாந்தி ஒதுங்கிவிடவில்லை. புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பயிற்சிக் கூடம் ஆரம்பித்தார். 2009-க்குள் அங்கே 68 பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் பரிசு வாங்கினார்கள். அவர் பார்த்த பயிற்சியாளர் வேலையோ ஒப்பந்த வேலை. அது போனதும் எல்லாம் நின்றது. 2012-இல் ஆசிய வெள்ளி வென்ற பெண் மறுபடி செங்கல் சூளையில் நாள் கூலிக்கு நின்றார். நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது 2016-இல்.

ஒரு மனிதரின் தோளில் மட்டும் நிற்கிற கழகம் அந்தத் தோள் சாய்ந்தால் சாய்ந்துவிடும். ஒப்பந்தத்தில் இருக்கும் பயிற்சியாளரால் ஒப்பந்தத்தில் இருக்கும் தொழிலாளியைத் தாங்க முடியாது. லெவர்குசனில் ஓசன்பெர்க் இருந்தார், புதுக்கோட்டையில் சாந்தி இருந்தார். திறமையிலும் மனதிலும் இருவருக்கும் குறை இல்லை. பின்னால் ஒரு நிறுவனம் நின்றதா இல்லையா என்பதில்தான் இரண்டு கதையும் பிரிகின்றன.

கம்பெனி பெயரில் ஓடுகிறவர்கள்

நம் தொழிற்பேட்டைகளில் ஜப்பான் கம்பெனிகள் நிறைய. அந்த நாட்டில் நெடுந்தூர ஓட்டமே கம்பெனி அணிகளை நம்பித்தான் நிற்கிறது. ஜனவரி 1 அன்று குன்மா மாகாணத்தில் ‘புத்தாண்டு எகிடென்’ நடக்கும். ஏழு பேர் சேர்ந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடும் சாலைத் தொடர் ஓட்டம். கையில் தடிக்குப் பதில் தோளில் துணிப்பட்டை. ஒருவர் கழற்றி அடுத்தவரிடம் கொடுப்பார். மோதுவது கம்பெனிகள். 2022-லும் 2023-லும் ஹோண்டா, 2024-இல் டொயோட்டா, 2025-இல் அசாஹி காசெய் வென்றன. நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்ற நவோகோ தகாஹாஷி கம்பெனி அணியில் ஓடியவர்தான்.

அங்கேயும் எல்லாம் பாலும் தேனுமாக இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வாலிபால் தங்கம் வென்ற பெண்கள் பெரும்பாலோர் நிச்சிபோ என்ற நூற்பாலை நிறுவனத்தின் அணியைச் சேர்ந்தவர்கள். பகலில் வேலை, மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை பயிற்சி. பயிற்சியாளர் தைமாட்சுவின் கடுமையை அந்த நாட்டிலேயே கண்டித்தவர்கள் உண்டு. உழைத்துக் களைத்த உடம்பை இன்னும் கசக்கிப் பிழிவதற்குக் கழகம் என்று பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உலகப் பொருளாதாரம் சரிந்த 2009-இல் நிஸான் தன் பேஸ்பால், டேபிள் டென்னிஸ், தடகள அணிகளை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பட்டது. கம்பெனிக்கு லாப நஷ்டக் கணக்கு இருக்கிறது. கணக்கு இறங்கினால் முதலில் வெட்டுப்படுவது விளையாட்டு. ஆகவே, ஒரே கம்பெனியின் கழகமாக இது இருக்கக் கூடாது. ஊருக்குச் சொந்தமான கழகமாக இருந்து, பல கம்பெனிகள் தோள் கொடுக்க வேண்டும்.

சட்டமும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 7-ஆவது அட்டவணை கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சிக்கு சமூகப் பொறுப்புக்கான சி.எஸ்.ஆர். பணத்தைச் செலவழிக்க இடம் தருகிறது. ஆனால் 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி சொந்த ஊழியர்களின் நலனுக்கான செலவு அந்தக் கணக்கில் வராது. பிள்ளைப்பாக்கம் கிராமத்துப் பிள்ளைகளும் பக்கத்து ஊர்ப் பள்ளி மாணவர்களும் ஓடுகிற மைதானம் என்றால் வழி இருக்கிறது. தொழிலாளிக்கு ஆகும் செலவைக் கம்பெனி தன் நலநிதியிலிருந்து தரட்டும். நிலம் கொடுத்த ஊருக்கும், வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கும் இடையே இன்றைக்கு இருக்கிற உறவு வாடகையும் மளிகைக் கடையும் மட்டும்தான். ஒரே டிராக்கில் ஓடினால் அது மாறும்.

சட்டத்தைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன், 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை, 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் என்று எண்ணிக்கை போட்டு வைத்தது. விளையாட்டுக்கு அதில் இடமில்லை. மூன்றே ஆண்டு கழித்து 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் பொழுதுபோக்கு வசதிக்கென்று தனிப் பிரிவே இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் தங்கி வேலை பார்ப்பவருக்கு வேலைக்கு வெளியேயும் ஒரு வாழ்க்கை உண்டு என்பதைச் சட்டம் அன்று ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களும் தங்கித்தான் வேலை பார்க்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்ட குடியிருப்பு மட்டும் 18,720 பெண்களுக்கானது, 706.50 கோடி ரூபாயில் கட்டியது. ஒரு பேரூராட்சி அளவுக்கு இளம்பெண்கள் ஒரே வளாகத்தில்.

சாப்பாடும் பாதுகாப்பும்

ஓடச் சொல்வதற்கு முன் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்ஸிஜன் குறையும். நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு அதைவிடப் பெரிய தடை வேறில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே தொழிலாளர் ஹாஸ்டல் சாப்பாட்டால் 150-க்கும் அதிகமான பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்ததும், அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் மறக்கக் கூடியதா? கழகத்தில் சேருகிறவருக்கு முதல் நாள் ரத்தப் பரிசோதனை நடக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரை, முட்டை, சுண்டல், கீரை எல்லாம் ஷூவுக்கு முன்பே வரட்டும்.

எட்டு மணி நேரம் நின்றவருக்குக் கெண்டைக்கால் இறுகியிருக்கும், உள்ளங்கால் எரியும். அப்படியே வேகமாக ஓடவிட்டால் குதிகால் வலி வந்து பத்தாவது நாள் படுத்துவிடுவார்கள். நடை, மெதுவோட்டம், மறுபடி நடை என்று முதல் ஆறு வாரம் போக வேண்டும். சி ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்க வேண்டும்; அந்த வாரம் அவருக்கு ஓட்டமே வேண்டாம்.

பெண்கள் ஓடுகிற இடத்தில் பெண் பயிற்சியாளர் இல்லாமல் கழகம் தொடங்கக் கூடாது. 2021-இல் சென்னையில் பெயர் பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் மாணவிகள் கொடுத்த பாலியல் புகாரில் கைதானார். புகார் சொல்ல யாரிடம் போவது என்று தெரியாமல் பிள்ளைகள் வருடக்கணக்கில் தவிக்கிற நிலை எந்தக் கழகத்துக்கும் வரக் கூடாது. புகார்க் குழுவும் அதன் தொலைபேசி எண்ணும் மைதான வாசலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சத்து மாத்திரை, பவுடர் என்று கையில் கிடைப்பதை வாங்கிச் சாப்பிடுவதைப் பற்றியும் சொல்லித் தர வேண்டும். 2019-இல் தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்ற திருச்சி முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்துவுக்கு ஊக்கமருந்துச் சோதனைக்குப் பின் நான்காண்டுத் தடை வந்தது, தங்கமும் போனது. உடம்புக்குள் போவது என்ன என்று கவனிக்க ஒரு ஆள் கூடவே இருப்பது கழகத்தின் வேலைகளில் ஒன்று.

ஒரு கயிறும் ஒரு முளையும்

மைதானத்துக்குக் கோடிகள் வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. செயற்கை இழை டிராக்குக்குத்தான் கோடிகள். மண் டிராக்குக்கு நான்கு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான சமநிலம், ஒரு முளை, இழுத்தால் நீளாத ஒரு கயிறு, நிறையச் சுண்ணாம்பு போதும்.

400 மீட்டர் டிராக்கின் கணக்கு இது. இரண்டு பக்கமும் 84.39 மீட்டர் நேர்கோடு. இரண்டு முனையிலும் அரைவட்டம். முளையிலிருந்து உள் விளிம்பு வரை 36.50 மீட்டர். ஓடுகிறவர் விளிம்பின் மேலேயே ஓடமாட்டார், 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுவார். அதனால் ஓட்டப் பாதையின் ஆரம் 36.80 மீட்டர். இரண்டு அரைவட்டமும் சேர்ந்து 231.22, நேர்கோடுகள் சேர்ந்து 168.78. கூட்டினால் 400. ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். எட்டுப் பாதை போட்டால் மொத்த நீளம் ஏறத்தாழ 177 மீட்டர், அகலம் 92.5 மீட்டர். பி.டி. வாத்தியார் முளையில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் சுண்ணாம்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க, பின்னாலேயே இரண்டு மாணவர்கள் கோட்டைச் சரிபார்த்து வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு காலை நேரத்தில் இது முடிகிற வேலை.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு ஏரி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்தால் அதன் உபரி நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிப் போகும். கோடையில் ஏரி வற்றினால் உள்ளே கிரிக்கெட் ஆடுவது நம்மூர் வழக்கம். ஆனால் ஏரி நீருக்கானது. கழகத்தை அங்கே கொண்டுபோய் வைக்கக் கூடாது. ஏக்கர் ஏக்கராகக் கையகப்படுத்தி கம்பெனிகளுக்கு மனை பிரிக்கிற சிப்காட், அந்த அளவு நிலத்தை ஓட்டத்துக்கு ஒதுக்குவது பெரிய காரியம் இல்லை. மேட்டில், ஹாஸ்டல்களிலிருந்து நடந்து வரும் தூரத்தில், விளக்குடன், கழிப்பறையுடன், காவலாளுடன் இருக்க வேண்டும். இருட்டில் சாலை ஓரமாகக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடச் சொல்லி யாரையும் அனுப்ப முடியாது.

கழகத்தைப் பதிவு செய்யவும் பெரிய கூட்டம் வேண்டாம். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். அந்த ஏழில் பாதிக்கு மேல் தொழிலாளர்களாக இருக்க வேண்டும். ஹாஸ்டல் வார்டனும் எச்.ஆர். மேனேஜரும் மட்டும் உட்கார்ந்து நடத்தும் சங்கத்தில் ஷிப்ட் மாறும் தேதி தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். பதிவுக்குப் பிறகு போட்டிக்கு அலைய வேண்டியதும் இல்லை. முதலமைச்சர் கோப்பையில் 15 முதல் 35 வயது வரை பொதுப்பிரிவு இருக்கிறது. ஓடுவதற்குக் கல்லூரி அடையாள அட்டையோ அரசு வேலையோ தேவையில்லை.

நேரத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். ஏ ஷிப்ட் ஆறு முதல் இரண்டு. பஸ் பிடித்து ஹாஸ்டலுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் நான்கு மணி ஆகும். நான்கரைக்கு மைதானத்துக்கு வந்தால் வெயில் தாழ்ந்து ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். பி ஷிப்ட் இரண்டு முதல் பத்து. படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். அவர்களை விடியற்காலையில் எழுப்பக் கூடாது, காலை ஏழரை மணிக்கு வந்தால் போதும். சி ஷிப்ட்காரர்களுக்கு அந்த வாரம் ஓய்வு. ஓவர்டைம் பார்த்த நாளில் வரவில்லை என்று யாரையும் பெயர் நீக்கக் கூடாது. ஜெனரல் ஷிப்ட்டில் இருப்பவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் தனி வகுப்பு. ஆக, நாளுக்கு இரண்டு வேளை மைதானம் திறந்திருக்க வேண்டும், இரண்டு வேளையும் பயிற்சியாளர் நிற்க வேண்டும். அதற்கு ஒருவர் போதாது. இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் பெண். இருவருமே மாதச் சம்பளத்தில், நிரந்தரமாக.